வண்ண விளக்கும் பாட்டும்: வீட்டில் உடைப் படம் எடுக்க எது கைகொடுக்கும்?

தீபாவளிக்கு எடுத்த சட்டை, அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய பட்டு, தையல்காரரிடமிருந்து அன்றுதான் வந்த சுடிதார். வெளியே கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே நிழல், துணி தட்டையாக, தோள் இரண்டும் விறைப்பாக. உடனே இரண்டு யோசனைகள் வரும். ரீல்ஸில் பார்க்கிற அந்த இளஞ்சிவப்பு, நீல விளக்குகளை வாங்கிவிடலாமா? பாட்டுப் போட்டுக்கொண்டு எடுத்தால் கொஞ்சம் இயல்பாக நிற்க வருமா?

இரண்டுமே உதவும். ஆனால் இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. பலர் தனித்தனியாக யோசித்துவிடுகிறார்கள். வண்ண விளக்குகள் பெரும்பாலும் மங்கல். மங்கலான அறையில் போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் வெளிச்சத்தைச் சேகரிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் குத்துப் பாட்டுக்கு ஒரு சுற்று சுற்றினால் பாவாடையும் கலங்கும், முகமும் கலங்கும். ஆகவே எந்த விளக்கு என்று முடிவு செய்யும்போதே எந்த வேகத்தில் பாட்டு என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. கீழே ஒப்பிடுவதை இந்தக் கணக்கை மனதில் வைத்துப் படியுங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஜன்னல்

நம் வீடுகளில் கூரையிலோ சுவரின் உச்சியிலோ இருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி (கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சள் பக்கமா, நீலப் பக்கமா என்று சொல்லும் அளவு). வெளிச்சம் மேலிருந்து விழுவதால் கண்குழியில் இருள் தங்குகிறது, சேலை மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்த விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி, உடம்பைச் சற்றே சாய்வாகத் திருப்பி நின்றாலே படம் மாறிவிடும். அணைப்பது முக்கியம். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று ஆகிவிடும், எந்த ஃபில்டராலும் அதைச் சரிசெய்வது கடினம்.

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று புகைப்படப் புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது ஆண்டின் பெரும்பகுதி பொருந்தும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழும். வெயிலோடு ஜன்னல் கம்பியின் நிழலும் உங்கள் மேல் கோடு கோடாக விழும். ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகப் பிரித்து ஜன்னலில் கட்டிவிட்டால் போதும், கம்பி நிழல் மறைந்து வெளிச்சம் மென்மையாகப் பரவும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். சினிமாக்காரர்களும் கல்யாண போட்டோகிராபர்களும் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

ஜன்னலின் பலம் அதன் அளவு. பகலில் அது தரும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில்கூட ஆயிரம் ரூபாய் விளக்கு வராது. துள்ளி எடுக்க வேண்டிய படம், சுற்றி எடுக்க வேண்டிய படம் எல்லாவற்றுக்கும் இதுவே என் முதல் தேர்வு. குறை என்னவென்றால் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு வார நாட்களில் அது கிடைப்பதில்லை. வண்ண விளக்கின் தேவை உண்மையில் மாலை ஆறு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது.

துணிக்கு வண்ண வெளிச்சம் என்ன செய்கிறது

விளக்குகளை ஒப்பிடும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். துணிக்கு நிறம் என்பது அது எந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதைப் பொறுத்தது. அரக்குப் பட்டு சிவப்பைத் திருப்பி அனுப்பும், நீலத்தை விழுங்கிவிடும். அதன் மேல் நீல விளக்கை மட்டும் அடித்தால் திருப்பி அனுப்ப அதற்கு ஒன்றும் இல்லை, கறுப்பாகத் தெரியும். பச்சைப் பட்டின் மேல் சிவப்பு விளக்கு அடித்தாலும் கதை இதுவே. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையைச் சிவப்பு விளக்கில் நிறுத்தினால் கரையே காணாமல் போகும், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பு, கரையும் சிவப்பு.

சரிகைக்கு இன்னும் பாதிப்பு. அது கண்ணாடி போல எதிரில் இருக்கும் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். மஞ்சள் கலந்த வெள்ளையில் பொன்னாக மின்னும் சரிகை, நீலத்தில் பொன் நிறத்தை இழந்து ஈயக் கம்பி போலத் தெரியும். பாவுக்கு (நீள நூல்) ஒரு நிறமும் ஊடைக்கு (குறுக்கு நூல்) வேறு நிறமும் போட்டு நெய்த மயில் கழுத்துச் சேலைகளின் அழகே, அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறி வருவதில் இருக்கிறது. ஒற்றை நிற விளக்கு அந்த விளையாட்டை நிறுத்திவிடும். நெசவாளர் தறியில் உட்கார்ந்து சேர்த்த இரண்டு நிறத்தில் ஒன்றைத் தூக்கி எறிவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

வெள்ளைத் துணி நேர் எதிர். வேட்டி, வெள்ளைச் சட்டை, கோரா காட்டன் எல்லாம் எந்த வெளிச்சம் விழுந்தாலும் அதன் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வண்ண விளக்கோடு நேரடியாக விளையாட ஏற்ற உடை இதுதான். கறுப்பு உடை வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அதற்கு முன்னாலிருந்து வண்ணம் அடித்துப் பயனில்லை. பின்னாலிருந்து தோள் ஓரமாக ஒரு கோடு விழுந்தால் போதும், உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும்.

என் நிலைப்பாடு இது: வண்ணம் சுவருக்கு, வெள்ளை துணிக்கும் முகத்துக்கும். நம் பழுப்பு நிறத் தோலுக்கு முன்னாலிருந்து வரும் நீலமும் பச்சையும் ஒத்துவருவதில்லை, முகம் சோர்ந்து தெரியும். இளமஞ்சள், காவி கலந்த வெளிச்சம் நன்றாக ஏறும். தலையில் மல்லிகை வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: பின்னாலிருந்து அடிக்கும் இளஞ்சிவப்பு, முதலில் பூவைத்தான் நிறம் மாற்றும்.

வாங்கக் கிடைப்பவை

ரிங் லைட்டில் தொடங்கலாம், பலர் முதலில் வாங்குவது அதைத்தான். அது முகத்துக்காகச் செய்யப்பட்ட விளக்கு. கேமராவைச் சுற்றி நேர் எதிரில் நிற்பதால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் துணியின் நெசவும் தெரியாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், முழு உருவம் எடுக்கப் பின்னால் நகர்ந்தாலே அது வலுவிழக்கும். முகம் பளிச்சென்றும் சேலையின் கீழ்க்கரை இருட்டாகவும் வரும். கண்ணாடி போட்டவர்களுக்கு லென்ஸில் வட்டம் தெரியும். ஜாக்கெட் கழுத்து டிசைன், காது ஜிமிக்கி என்று நெருக்கமாக எடுக்க மட்டும் சரி. உடைப் படத்துக்காக இதை வாங்க நான் சொல்லமாட்டேன்.

போன் வழியாகவே நிறம் மாற்றக்கூடிய ஸ்மார்ட் பல்பு எனக்குப் பிடித்தது. விப்ரோ, பிலிப்ஸின் விஸ் போன்ற பிராண்டுகளில் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்குள் ஒன்று கிடைக்கும். வாங்கும்போது பின் டைப்பா, திருகு டைப்பா என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பின் ஹோல்டர். பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதையும் கவனிக்க வேண்டும். அதைக் கூரை ஹோல்டரில் மாட்டினால் பயனில்லை. ஒரு ஒயர் ஹோல்டரிலோ மேசை விளக்கிலோ மாட்டி, உங்களுக்குப் பின்னால் தரையில் வைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். சுவரில் கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போக மங்கியும் ஒரு நிறம் ஏறும். வெளிர் நிறச் சுவர் அவசியம். கிளிப்பச்சையோ ரோஸோ அடித்த சுவர் என்றால் பாதி நிறம் அதிலேயே போய்விடும். மற்றொரு வேட்டியைப் பின்னணியாகத் தொங்கவிடலாம். எட்டு முழ வேட்டி ஒருவர் நிற்கத் தாராளமாகப் போதும். படம் எடுக்காத நாளில் அதே பல்பு படுக்கையறை விளக்காக இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

எல்இடி ஸ்ட்ரிப் மலிவு, ஐந்து மீட்டர் சில நூறு ரூபாய். ஆனால் இதை வெளிச்சம் தரும் பொருளாகப் பார்க்கக் கூடாது, அலங்காரமாகப் பார்க்க வேண்டும். மலிவான ஸ்ட்ரிப்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று மட்டும் இருக்கும். மூன்றையும் சேர்த்து அது தரும் வெள்ளையில் தோல் நிறமும் துணி நிறமும் தப்பாக வரும். கட்டிலுக்குப் பின்னால், கண்ணாடியின் விளிம்பில் ஒளித்து ஒட்டினால் அழகு. நேராகத் தெரிந்தால் புள்ளி புள்ளியாக, கடை போர்டு போல இருக்கும்.

கையில் பிடிக்கும் ஆர்ஜிபி ஸ்டிக் (சிவப்பு, பச்சை, நீலம் கலந்து எந்த நிறமும் தரும் குச்சி விளக்கு) கொஞ்சம் விலை கூடியது, சுமார் இரண்டாயிரம் ரூபாயிலிருந்து மேலே போகும். உள்ளே பேட்டரி இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இதில் தனி வெள்ளை எல்இடிகளும் இருக்கும். பெட்டியில் சிஆர்ஐ 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, சூரிய வெளிச்சத்துக்கு 100. வண்ணத்துக்காக ஸ்டிக் வாங்குகிறவர்கள் பிறகு அதன் வெள்ளையைத்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். இரவில் படம் எடுப்பவருக்கு முகத்துக்கும் துணிக்கும் நல்ல வெள்ளை தருவது இதுதான்.

சன்செட் லேம்ப் சுவரில் ஒரு செம்மஞ்சள் வட்டம் போடும். வேட்டி சட்டைக்கும் காவி, கடுகு நிறக் காட்டன் சேலைக்கும் பொருத்தம். இருட்டான அறையில்தான் எடுபடும், பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் வட்டம் கரைந்துவிடும். எல்லாப் படமும் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் நான் இதற்குச் செலவு செய்ய மாட்டேன்.

செலவே வேண்டாம் என்றால் கண்ணாடிப் பேப்பர் இருக்கிறது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வண்ணத் தாளை இரண்டாக மடித்து எல்இடி டார்ச்சின் முன் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். நாடக மேடையில் ஃபோகஸ் லைட்டுக்குக் கலர் பேப்பர் போடுவது இதே வழியில்தான். சூடேறும் ஹாலஜன் விளக்கின் மேல் மட்டும் வைக்கவே கூடாது, எரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் போனில் சில வேலைகள் பாக்கி இருக்கும். ஆட்டோவில் விட்டால் போன் அந்த வண்ணத்தைப் பிழை என்று எண்ணிச் சமன் செய்யப் பார்க்கும். எல்லாவற்றையும் கையால் மாற்றவிடும் ப்ரோ மோடு இருந்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 5000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள், இல்லையென்றால் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, சூரியன் குறியைச் சற்று கீழே இழுங்கள். அடர் சிவப்பும் நீலமும் படத்தில் சீக்கிரம் அளவு மீறி நிரம்பிவிடும், அப்புறம் அந்த இடத்தில் மடிப்பு எதுவும் தெரியாது. நைட் மோடை அணைத்துவிடுங்கள். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வந்தால் அது விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தைச் சேகரிக்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பாட்டு: படத்துக்கல்ல, உடம்புக்கு

அமைதியான அறையில் கேமரா முன் நிற்பவர் தன் கை எங்கே இருக்கிறது என்பதையே நினைத்துக்கொண்டிருப்பார். பாட்டு அந்த நினைப்பை எடுத்துப் போய்விடுகிறது. தாடை இறுக்கம் குறையும், மூச்சு சீராகும், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தானாக மாறும். ஸ்டூடியோக்களில் ஷூட்டின்போது பாட்டு ஓடிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த முன்னேற்றம், பல நேரம் விளக்கு தருவதை விடப் பெரியது.

ஆனால் எந்தப் பாட்டும் சரி என்று சொல்ல முடியாது. மனப்பாடமாகத் தெரிந்த சினிமாப் பாட்டைப் போட்டால் வாய் தானாகப் பாடும். படங்களில் பாதி, உதடு அரைகுறையாகத் திறந்த நிலையில் வரும். வார்த்தை இல்லாத வாத்திய இசையோ, புரியாத மொழிப் பாட்டோ இதைவிட நல்லது. வீணை, புல்லாங்குழல், பின்னணி இசைத் தொகுப்புகள் எல்லாம் சேலைக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் சேலையில் அசைவு சின்னது: முந்தானையை எடுத்துவிடுவது, மெல்லத் திரும்பிப் பார்ப்பது. பட்டு வேட்டிக்கு நாதஸ்வரமும் தவிலும் போட்டுப் பாருங்கள், நடை தானாக நிதானமாகி நெஞ்சு நிமிரும். பாவாடை, அனார்கலி போன்ற விரியும் உடைக்கு மூன்று எண்ணிக்கையில் ஓடும் இசை வசதி, அந்த ஊசலில் சுற்றினால் துணி அழகாகப் பரவும். ஜீன்ஸ், டிஷர்ட்டுக்குத்தான் குத்துப் பாட்டு.

வேகம் இங்கேதான் விளக்கோடு மோதுகிறது. சுற்றுகிற பாவாடையை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் குறைந்தது 1/250 வேண்டும். ஸ்மார்ட் பல்பு வெளிச்சத்தில் போன் அந்தப் பக்கமே போகாது. 1/15, 1/30 என்று இறங்கிவிடும். ஆகவே குத்துப் பாட்டும் மூன்று எண்ணிக்கைச் சுற்றும் பகல் ஜன்னலுக்கு. வண்ணச் சுவர் வைத்த இரவுப் படத்துக்கு மெதுவான இசை, அதிலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிறுத்தம் கிடைக்கும் இசை.

அந்த நிறுத்தத்துக்கு ஆதி தாளம் கச்சிதம். நான்கு, இரண்டு, இரண்டு என்று எட்டு எண்ணிக்கை. முதல் நான்கில் அசையுங்கள், அடுத்த இரண்டில் நில்லுங்கள், கடைசி இரண்டில் மூச்சை விட்டபடி கிளிக். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகம் என்றால் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கையின் ஒரு முழுச் சுற்று, ஆறு விநாடி, அடுத்த போஸுக்கு யோசிக்கவும் நேரம் கிடைக்கும். மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வேண்டாம், கணக்கு சிக்கலாகிவிடும். எளிய தாளத்தில் ஓடும் ஒரு கீர்த்தனையின் வாத்திய வடிவம் போதும். பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இது சொல்லாமலே வரும்.

கிளிக் செய்ய மலிவான புளூடூத் ரிமோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளலாம். குரல் கட்டளையை நம்ப வேண்டாம், பாட்டுச் சத்தத்தில் போன் குழம்பும். உள்ளங்கையைக் காட்டினால் எடுக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால் அது மேல். பாட்டை வேறு கருவியில் போடுங்கள், டிவியோ ஸ்பீக்கரோ போதும். பல போன்களில் வீடியோவுக்கு மாறியதும் ஓடும் பாட்டு நின்றுவிடும். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரிப்பதும் நல்ல வழிதான். 4கே வீடியோவின் ஒரு காட்சியில் 80 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் இருக்கும், இன்ஸ்டாகிராமுக்குத் தாராளம். ஆனால் பகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்குகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். படத்துக்கு அவை வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் நிறமும் வெளிச்சத்தின் அளவும் மாறுவதால், நல்ல முகபாவம் வந்த கணத்தில் எந்த நிறம் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ரீல்ஸ் எடுப்பவருக்கு அது வேறு கணக்கு. வேகமாக மினுங்கும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் அதற்கும் கூடாது.

யாருக்கு எது

சேலை, குர்த்தி விற்பதற்காகப் படம் எடுப்பவர்கள் வண்ண விளக்கின் பக்கமே போக வேண்டாம். வாங்குபவர் நம்பிக் காசு அனுப்புவது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். ஜன்னல், வேட்டி, தெர்மாகோல், அவ்வளவே. உடுத்திக் காட்டுபவருக்காகப் பாட்டு மட்டும் ஓடட்டும்.

பகலில் வீட்டில் இருக்க முடிகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், எதையும் வாங்குமுன் ஜன்னலையும் பாட்டையும் வைத்துச் சில வாரங்கள் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பின்னணியில் நிறம் வேண்டும் என்று தோன்றினால் ஒரு ஸ்மார்ட் பல்பு.

மாலையில் மட்டுமே நேரம் கிடைப்பவர்களுக்கு ஸ்டிக் ஒன்றும் பல்பு ஒன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்டிக்கை முதலில் வாங்குங்கள். அதை வெள்ளையில் வைத்துப் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பல்பு சுவரில். அரக்குக்கும் சிவப்புக்கும் பின்னால் மயில் பச்சை, கடுகு மஞ்சளுக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறம், வெள்ளைக்குப் பின்னால் செம்மஞ்சள் என்று தொடங்கிப் பார்க்கலாம். பச்சைப் பட்டுக்குப் பின்னால் அடர் இளஞ்சிவப்பு வைத்தால் இரண்டும் சண்டை போடும், பல்பின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். இசை மெதுவாக, சத்தமும் மெதுவாக இருக்கட்டும். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் நேரம் அது.